வண்டியைப் பூட்டாதீங்க! போனேர் தீவில் ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

கரீபியன் கடலில் நெதர்லாந்துக்குச் சொந்தமான குட்டித் தீவு போனேர். இங்கே ஸ்கூபா டைவிங்குக்குப் பெரும்பாலும் படகு தேவையில்லை. சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கல் தெரிந்தால், வாடகை பிக்கப்பை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே இறங்கலாம்.

சிக்கல் என்ன?
நீங்கள் ஒரு மணி நேரம் தண்ணீருக்கு அடியில். வண்டி ஆளில்லாத கரையில். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள். அந்தச் செலவும் உங்கள் தலையில் விழலாம். அதனால்தான் ‘ஜன்னலை இறக்கி விடுங்க, உள்ளே எதுவும் வைக்காதீங்க’ என்கிறார்கள்.

என்ன செய்யலாம்?
பாஸ்போர்ட், பர்ஸ், போன் எல்லாம் அறை லாக்கரிலேயே இருக்கட்டும். வண்டியில் பழைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் போதும். பூட்டாத வண்டியில் திருடுபோன பொருளுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். பாலிசியை ஊரிலேயே படிச்சுடுங்க.