நீரில் நிற்கும் நகரம்

இத்தாலி நாட்டின் வடகிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய காயல் ஒன்றின் நடுவே வெனிஸ் நகரம் அமைந்துள்ளது. 118 சிறு தீவுகளை 400-க்கு மேற்பட்ட பாலங்கள் பிணைத்து ஓர் ஊராக்கியுள்ளன. இங்குக் கால்வாய்களே பெருந்தெருக்கள், படகுகளே ஊர்திகள். இறந்தாரை இடுகாட்டுத் தீவிற்குக் கொண்டு செல்வதும் படகிலேதான்.

பொறியாளராகிய என் நண்பரும் நானும் ஒருநாட் காலை அந்நகரின் புகைவண்டி நிலைய வாயிலை அடைந்தோம். எதிரே தெரு இல்லை. படிகளின் கீழே பெருங்கால்வாய் அலைத்துக்கொண்டிருந்தது. அதன் அக்கரையில் கவிமாடம் உடைய தேவாலயம் ஒன்று நின்றது. "சேற்று நிலம் இத்துணைப் பாரத்தை எங்ஙனம் தாங்குகிறது?" என்று வினவினேன்.

நண்பர் விளக்கினார். மென்சேற்றில் மரக்கழிகளை நெருக்கமாக அடித்திறக்கி, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி, அப்பலகைகளின்மேல் நீர் எளிதில் ஊறாத இஸ்திரியக் கல்லை அடுக்குவது பண்டைத் தச்சர் கண்ட முறை. காற்றுப் புகாத சேற்றில் அழுந்திய மரம் மிக மெல்லவே சிதையும். பெருங்கால்வாயின் குறுக்கே முன்பு மரப்பாலம் இருந்தது. 1444-இல் திருமண ஊர்வலம் காணத் திரண்டோரின் பாரம் தாங்காது அஃது இடிந்தது. இன்று நாம் காணும் ரியால்ட்டோ கற்பாலம் 1591-இல் நிறைவுற்றது.

பாலத்திற்கு அணித்தே மார்க்கோ போலோவின் நினைவாகப் பெயர் பெற்ற முற்றம் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் எழுதிவைத்தவர் அவர். காயலில் பிறந்தவர் காயலுக்கே வந்தார் என்று நான் சொல்ல, தமிழறியாத நண்பருக்கு அதன் நயத்தை விளக்கவே சிறிது நேரம் ஆயிற்று.

சிறு சதுக்கந்தோறும் சித்திரம் செதுக்கிய கிணற்று வாய்களைக் கண்டோம். சூழ எங்கும் நீர் இருந்தும் குடிக்க நீர் இல்லாத ஊர் அன்றோ! ஆதலின், தரையை ஆழத் தோண்டி, உப்புநீர் புகாவண்ணம் களிமண்ணால் அணைகட்டி, உள்ளே மணலை நிரப்பி, நடுவில் செங்கற்கிணறு எழுப்பினர். சதுக்கத்தில் விழும் மழைநீர் மணலில் வடிந்து தூய்மையுற்றுக் கிணற்றில் ஊறும். 1884-இல் குழாய்நீர் வந்தபின் இக்கிணறுகள் மூடப்பட்டன. எம் கண்ணுக்கு அரண்மனைகளினும் இவையே அழகியனவாகத் தோன்றின.

ஊரை வாழவைத்த கடலே அதற்கு இடரும் ஆயிற்று. 1966 நவம்பர் 4-ஆம் நாள் நீர் 194 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்தது; 2019-இல் 187 சென்டிமீட்டர். நிலத்தடி நீரை ஆலைகள் மிகுதியாக இறைத்தமையால் நிலமும் தாழ்ந்திருந்தது. காயலின் வாய்களில் அமைத்த 78 எஃகு மதகுகள் 2020 அக்டோபரில் முதன்முறையாக எழுந்து வெள்ளத்தைத் தடுத்தன.

ஆயினும் மதகினால் தடுக்கவியலாத ஒன்று உண்டு. 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த தீவு நகரில், 2022-இல் 50,000-க்கும் குறைந்தவரே எஞ்சினர். வந்து செல்வோர் பெருகப் பெருக, வாடகையும் விலையும் உயர்ந்து, குடிகள் நிலப்பகுதிக்குப் பெயர்கின்றனர். ரியால்ட்டோவின் அருகே மருந்துக்கடை ஒன்றின் சாளரத்தில், நகரமக்களின் தொகையைக் காட்டும் எண்பலகை ஒன்றை 2008-இல் வைத்தனர். மாலையில் அவ்வழி திரும்பிய நாங்கள் அதன்முன் நின்றோம். பயணிகள் பலர் அதனை நோக்காமலே கடந்து சென்றனர். காய்கறிப் பையுடன் வந்த மூதாட்டி ஒருவர் மட்டும் நின்று, எண்ணைப் படித்துவிட்டுப் பாலத்தின் படிகளில் ஏறினார்.