இட்லிக்கு எந்த நெல்? உளுந்தும் அதே வயலில்!

அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைப் போட்டுவிட்டு வருகிறோம். அதோடு அந்த நெல்லுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. பிறகு கடைக்குப் போய் 'இட்லி அரிசி' என்று மூட்டையாக விலைக்கு வாங்குகிறோம். விருத்தாசலம் - சேத்தியாத்தோப்பு சாலையில் உள்ள கம்மாபுரம் வட்டாரத்திலும் பல நெல் விவசாயிகளின் வீட்டில் இதுதான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு சன்ன ரகம் ரூ.2,545, பொது ரகம் ரூ.2,500. குண்டு நெல் பொது ரகத்தில் சேரும். இந்த 45 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்தே, 'இனி குண்டு நெல் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இட்லிக்கு வேண்டியது அந்தக் குண்டு நெல்தான். சாப்பாட்டுக்கு நன்றாக இருக்கும் சன்ன அரிசி இட்லிக்கு அதே பதம் தருவதில்லை.

பலகாரத்துக்கு ஏற்ற அரிசி

ஆவியில் வேகும் அரிசிப் பலகாரம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. கொரியாவில் அறுவடைத் திருநாளுக்குச் செய்யும் 'சோங்பியோன்' நம் பூரணக் கொழுக்கட்டை போன்றதுதான். அரிசி மாவுக்குள் எள், பயறு வகைகளை வைத்து, பைன் மர இலைகளைப் பரப்பி ஆவியில் வேக வைக்கிறார்கள். அசாமில் நம் பொங்கல் சமயத்தில் வரும் மாக் பிஹு பண்டிகைக்கு, போரா என்ற ஒட்டும் அரிசி மாவில் எள்ளும் வெல்லமும் வைத்து 'தில் பிதா' சுடுகிறார்கள். ஜப்பானின் மோச்சியும் ஒட்டும் அரிசியில் செய்வதே. இவற்றில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை.

அரிசி ஒட்டுவதும் உதிர்வதும் அதிலுள்ள 'அமைலோஸ்' என்ற மாவுப்பொருளின் அளவைப் பொறுத்தது. மோச்சி அரிசியில் இது அநேகமாக இல்லை. அதனால் பசை போல இழுக்கும். நம் குண்டு ரகங்களில் அமைலோஸ் கூடுதல். புழுங்கல் அரிசியாக்கி அரைத்தால், உளுந்து மாவின் நுரையைத் தாங்கி நிற்கும். எனவே நெல்லை விதைக்கும்போதே அது எந்தப் பலகாரத்துக்குப் போகப் போகிறது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

எந்த ரகம் எதற்கு?

* இட்லி, தோசை: குறுகிய காலத்துக்கு ஆடுதுறை 37 (சுமார் 105 நாள்), அம்பை 16 (110-115 நாள்). சம்பாவுக்கு சி.ஆர். 1009 (155-160 நாள்). மழைநீர் தேங்கும் பள்ளமான வயல் என்றால், இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைத் தேர்வு செய்யலாம்.

* புட்டு, கொழுக்கட்டை, இடியாப்பம்: பச்சரிசி மாவுதான் வேண்டும். சிவப்பு அரிசிக்கு பூங்கார், மாப்பிள்ளை சம்பா போன்ற பாரம்பரிய ரகங்கள் உண்டு. மாப்பிள்ளை சம்பா உயரமாக வளர்ந்து சாயும் ரகம் என்பதால் தழைச்சத்தை அள்ளிப் போடக் கூடாது.

* கவுனி அரிசி இனிப்பு: கருப்புக் கவுனி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 57 என்ற கருப்பு அரிசி ரகமும் இருக்கிறது. வயது 130-135 நாள்.

நெல் தரிசில் உளுந்து

இட்லிக்கு அரிசி பாதி வேலை என்றால், உளுந்து மீதி வேலை. சம்பாவில் சி.ஆர். 1009 போட்டவர்கள் தை மாதத்தில் அதே வயலில் உளுந்தையும் எடுக்கலாம். நெல் அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ விதையைச் சீராகத் தூவ வேண்டும். நெல் தரிசுக்கு ஆடுதுறை 3 ஏற்ற ரகம். 70-75 நாளில் அறுவடைக்கு வரும். இயந்திரத்தால் அறுக்கும் வயலில் சக்கரத் தடத்தில் செடிகள் நசுங்கும். அங்கே விதை அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ரைசோபியம் கலந்து விதைப்பது வேர் முடிச்சுக்கு நல்லது.

பூக்கும் சமயத்தில் ஒரு முறையும், அடுத்த 15 நாளில் மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். மேட்டு நிலம் உள்ளவர்கள் கொழுக்கட்டைப் பூரணத்துக்கான எள்ளையும் போடலாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமே வி.ஆர்.ஐ. வரிசையில் எள் ரகங்களை வெளியிட்டுள்ளது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மதிப்புக்கூட்டினால் லாபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நெல்லை இருப்பு வைக்கும் முன் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொள்முதல் நிலையத்தில் 17 சத ஈரப்பதம் வரை எடுப்பார்கள். வீட்டில் இருப்பு வைக்க 13 சதத்துக்குக் காய வைக்க வேண்டும். அப்போது 100 கிலோ நெல் சுமார் 95 கிலோவாகக் குறையும். அரைத்தால் நூற்றுக்கு 65 வீதம், ஏறக்குறைய 62 கிலோ அரிசி கிடைக்கும். ரூ.2,500-ஐ 62-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 40 ரூபாய் வருகிறது. அவியல் கூலி, அரைவைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் இதற்கு மேல். எனவே உங்கள் ஊரில் இட்லி அரிசியைக் கிலோ 45 ரூபாய்க்குத்தான் விற்க முடியும் என்றால் பெரிய ஆதாயம் இல்லை, நெல்லாகவே போட்டுவிடலாம். நேரடியாக வீடுகளுக்கும் உணவகங்களுக்கும் 55 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றால், செலவுக்கு முன் குவிண்டாலுக்கு ரூ.900 வரை கூடுதலாக நிற்கும். அந்த 62 கிலோ அரிசியோடு நான்குக்கு ஒன்று வீதம் சுமார் 15 கிலோ உளுந்தும் சேர்த்து விற்றால் வாங்குபவருக்கும் அலைச்சல் மிச்சம்.

புது நெல்லை உடனே அரைத்தால் மாவு குழையும். ஆறு மாதமாவது பழசான நெல்தான் இட்லிக்கு நல்லது. அதுவரை பணத்துக்கு வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈர மாவா, உலர் மாவா?

இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடும். குளிர்பதன வசதி இல்லாமல் கிராமத்திலிருந்து அனுப்புவது சிரமம். மகளிர் குழுக்களுக்குப் புட்டு மாவு, இடியாப்ப மாவு போன்ற உலர் மாவு வகைகளே தொடங்க எளிது. பச்சரிசியைக் கழுவி வடித்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, அரைத்து, வறுத்து, சலித்து, முழுவதும் ஆறிய பிறகு பொட்டலமிட வேண்டும். இடியாப்பத்துக்கு நைசாகவும் புட்டுக்கு ரவை பதமாகவும் இருக்கட்டும். அரைவையில் விழும் குருணையையும் மாவாக்கலாம் என்பதால் சேதாரம் குறையும். தீட்டாத சிவப்பரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் மாவில் விரைவில் சிக்கு வாடை வரும். ஆகவே தேவைக்கு ஏற்ப கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். பால் பொருள் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுக்கென 2022-ல் தனி விதிமுறை வந்துள்ளது. நம் மாவில் இயல்பாகவே அவை எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குரிய பச்சை நிற முத்திரையை அனுமதி பெறாமல் அச்சிடக் கூடாது.

முதல் ஆண்டே மொத்த விளைச்சலையும் இருப்பு வைக்க வேண்டாம். ஐந்து மூட்டையைத் தனியே எடுத்து, அவித்து, அரைத்து, முதலில் உங்கள் வீட்டில் இட்லி ஊற்றிப் பாருங்கள். பிறகு தெரிந்த பத்து வீடுகளுக்குக் கொடுங்கள். அவர்கள் மறுபடி கேட்டால் அடுத்த சம்பாவில் பரப்பைக் கூட்டலாம். ரகத் தேர்வுக்கும் பயிற்சிக்கும் கம்மாபுரம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.