அவசரக் கோலம் காருக்கும் ஆகாது!

வீட்டில் கல்யாணமோ, கிரகப்பிரவேசமோ வந்தால் சுவருக்கு வெள்ளை அடிக்கிற கையோடு பழைய காருக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். "மூணே நாள்ல தந்துடறேம்மா" என்று ஒர்க்ஷாப்பில் சொன்னால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் சகோதரிகளே, முழுக் காரையும் 3 நாளில் முடிப்பதென்றால் எதையோ விட்டுவிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்!

என் தம்பி கார் பெயிண்டர். "அக்கா, கலர் அடிக்கிறது அரை நாள் வேலை. அதுக்கு முன்னாடி தேய்க்கிறதுதான் பெரிய வேலை" என்பான்.

முதலில் விளக்கு, கைப்பிடி, பீடிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒடுங்கிய இடங்களை டிங்கரிங் செய்து நிமிர்த்த வேண்டும். துருவைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங். இதற்கே 2, 3 நாள் ஓடிவிடும். பிறகு பட்டி பூசி, காயவிட்டு, சொரசொரப்பான உப்புத்தாளில் ஆரம்பித்து நைஸான தாள்வரை தேய்ப்பார்கள். அதன்மேல் பிரைமர். அது காய்ந்ததும் தண்ணீர் விட்டு மறுபடியும் தேய்ப்பு. அப்புறம்தான் கண்ணாடி, டயரையெல்லாம் பேப்பர் ஒட்டி மூடிவிட்டு, கலர் 2, 3 கோட்டிங். மேலே கிளியர் கோட்.

சூடேற்றும் பூத் இருந்தால் சுமார் 60 டிகிரியில் அரை மணி, முக்கால் மணியில் காய்ந்துவிடும். சாதாரண ஷெட் என்றால் ஒரு ராத்திரியாவது விட வேண்டும். கடைசியில் ரப்பிங், பாலிஷ். ஆக, நல்ல காருக்கே 7 முதல் 10 நாள். துரு அதிகமென்றால் 2 வாரம் தாண்டும்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா, மகள் கல்யாணத்துக்காகச் சீட்டுப் பணத்தில் காருக்குப் பெயிண்ட் அடித்தார். மூன்றாம் நாளே வண்டி வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று கண்ணாடி மாதிரி மின்னியது. ஐப்பசி மழை முடிவதற்குள் கதவின் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பட்டி பூசியிருக்கிறார்கள்! எல்லாவற்றையும் உரித்து, முதலிலிருந்து செய்ததில் இரட்டைச் செலவு.

அதனால் பணம் கொடுக்குமுன் என்னென்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். "பட்டி பூசறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்ப்போம்" என்று சொல்லி, போய்ப் பார்த்து, போனில் போட்டோவும் எடுத்துவிடுங்கள். துரு போயிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நிறத்தையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். செலவு மிச்சம் என்று வீட்டு வாசலில் ஸ்பிரே அடிக்கவும் விடாதீர்கள். ஹார்ட்னர் கலந்த பெயிண்டின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

வண்டி வந்ததும் பூஜை போடுவோம் இல்லையா? சந்தனம், குங்குமத்தைப் புதுப் பெயிண்டின்மேல் வைக்காமல் கண்ணாடியில் வையுங்கள். காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டாமல், உடனே தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். ஒரு மாதம் வாக்ஸ் போட வேண்டாம்.

அவசரத்துக்கு மாவு புளிக்குமா? கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போதே காரையும் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டால், மாப்பிள்ளை அழைப்புக்கு நிம்மதியாக வந்து சேரும்!

- ஒரு வாசகி, மதுரை.