நெடுவழி நடப்போருக்கு ஓரிரவு இடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்புறத்தே, ஜார்ஜியா மாகாணத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மேயின் மாகாணத்துக் கடாடின் சிகரத்தில் முடிகிறது அப்பலேச்சியன் நடைபாதை. பென்டன் மக்காய் என்னும் வனநூல் வல்லார் 1921-ல் அதற்கு யோசனை கூறினார். 1937-ல் பாதை முற்றுப்பெற்றது. பதினான்கு மாகாணங்களூடே ஏறக்குறைய 2,190 மைல்! முதுகில் மூட்டையுடன் கால்நடையாகவே இதனைக் கடக்க ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும்.

வழியில் குறுக்கிடுகிறது கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா. அதனுள் மட்டும் சுமார் 71 மைல் நடந்தாக வேண்டும். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அங்கே அநுமதியில்லை. பாதையோரக் கொட்டகைகளிலேதான் இராத் தங்க வேண்டும். சில நாள் உலாவ வருவோர், இன்ன இரவு இன்ன கொட்டகை என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்கின்றனர்.

ஆனால் ஜார்ஜியாவிலிருந்து நடந்து வருபவன் என்ன செய்வான்? மழை பிடிக்கலாம், கால் வீங்கலாம். எந்த இரவு எங்கிருப்போம் என்பதை அவனே அறியான். இதை உணர்ந்த அதிகாரிகள் அவனுக்குத் தனி அநுமதிச் சீட்டு வைத்திருக்கின்றனர். பூங்காவுக்கு 50 மைலுக்கேனும் அப்பால் புறப்பட்டு, அவ்வாறே அப்பால் நடையை முடிப்பவருக்கு அது உரியது. கட்டணம் 40 டாலர். சீட்டுப் பெற்ற 38 நாட்களுக்குள், 8 நாட்களில் பூங்காவைக் கடந்துவிட வேண்டும். இரவுக்கு இரவு இடம் குறிக்கத் தேவையில்லை.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. கொட்டகை நிறைந்துவிட்டால், பதிவு செய்தவருக்கு இடம் விட்டு, இவன் வெளியே கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் நனைந்து நடந்தவன், விரித்த படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மீண்டும் மழையில் இறங்குவதை எண்ணிப் பாருங்கள்! நமக்கு முதலில் கோபமே வந்தது.

ஆனால் அக்காட்டில் கருங்கரடிகள் உலவுகின்றன. உணவு மூட்டைகளைக் கம்பிவடத்தில் உயரக் கட்டித் தொங்கவிடாவிடில் ஆபத்து. கண்ட இடமெல்லாம் கூடாரம் எழுந்தால் மண்ணும் செடியும் மிதிபட்டு அழியும். ஆகவே கட்டுப்பாடு வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் விதிகள் வகுத்தே காலம் கழித்த நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எல்லோருக்கும் ஒரே விதி என்பது எளிது. ஆனால் அதுவே நியாயமாகிவிடாது. தேதி சொல்ல இயலாதவனுக்குத் தனிச் சீட்டு அளித்தது நல்ல மனம். மழைக்காக அவனுக்கென்று கொட்டகையில் ஒரு மூலையும் ஒதுக்கினால், அந்த நியாயம் முழுமை பெறும்.