பதினான்கில் ஐந்து கப்பல்கள்

கோதுமை லாரி இரண்டு நாள் தாமதமானாலே மண்டியில் நமக்கு நிலைகொள்வதில்லை. கிடங்கு இருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று விரல் மடக்கத் தொடங்கிவிடுவோம். ஒரு தீவு முழுவதுமே அப்படி விரல் மடக்கிய கதை ஒன்று உண்டு. அந்தத் தீவு மால்டா.

மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. நாட்டின் மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆறு கிடையாது, காடு கிடையாது. ஆனால் அருமையான ஆழ்துறைமுகம் உண்டு. அதற்காகவே பினீசியர், ரோமானியர், அராபியர், புனித யோவான் சபை வீரர்கள், 1798இல் நெப்போலியன், பிறகு ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். அராபியர் விட்டுப்போன மொழிதான் மால்டா மொழியின் வேர். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்; ஆனாலும் கடவுளை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள்! நம் நாட்டுச் சிந்தி வியாபாரிகளும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தலைநகர் வலெட்டாவில் கடை போட்டார்கள். வியாபாரி போகாத ஊர் ஏது?

இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் தளமாக இருந்ததால் 1940 ஜூன் முதல் தீவின் மேல் குண்டுமழை. விளைச்சல் போதாது, கோதுமையும் மண்ணெண்ணெயும் கப்பலில்தான் வரவேண்டும். வந்த கப்பல்களோ வழியிலேயே மூழ்கின. 1942இல் ரொட்டியும் பங்கீட்டுக்கு வந்தது. பொதுச் சமையற்கூடங்களின் முன் மக்கள் பாத்திரத்துடன் வரிசையில் நின்றார்கள். பால் கொடுத்த ஆடுகளையும் வெட்டினார்கள். அந்த ஏப்ரலில் ஆங்கிலேய மன்னர் தீவு முழுமைக்கும் ‘ஜார்ஜ் சிலுவை’ப் பதக்கம் அளித்தார். பதக்கத்தைக் கொண்டு உலை வைக்க முடியுமா என்று அங்கே ஒரு கடைக்காரராவது முணுமுணுத்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. இருக்கும் சரக்கு எந்தத் தேதியில் தீரும் என்று அதிகாரிகள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் சரணடைவதுதான் வழி.

ஆகஸ்டில் போர்க்கப்பல்களின் காவலோடு 14 சரக்குக் கப்பல்கள் கிளம்பின. ஒன்பது மூழ்கின. 13ஆம் தேதி மூன்றும் மறுநாள் ஒன்றும் கரை சேர்ந்தன. ஆனால் 11,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றிய ‘ஒஹையோ’வைக் காணோம். எண்ணெய் வராவிட்டால் மாவு வந்தும் பயன் குறைவு. டார்பிடோ பட்டு, மேல்தளத்தில் எதிரி விமானமே விழுந்து, இயந்திரம் நின்றுபோன அந்தக் கப்பலை, இரு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டி, நடக்க முடியாதவரைத் தோளில் தாங்கி வருவதுபோல் அழைத்து வந்தார்கள். துறைமுகம் சேர்ந்தது ஆகஸ்ட் 15 காலையில். அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள்.

எண்ணெயை இறக்க இறக்கக் கப்பல் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் தரைதட்டி நின்றது. சரக்கு மட்டும் பத்திரமாக இறங்கிவிட்டது. மால்டா 1964இல் விடுதலை பெற்றது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. ஆனால் அந்த ஐந்து கப்பல்களை அங்குள்ளவர்கள் இன்றும் ‘சாந்தா மரியா கப்பல்கள்’ என்றுதான் சொல்கிறார்கள்.