ஸ்டீயரிங் இல்லாத ரயில் என்ஜின் எப்படித் தண்டவாளம் மாறுகிறது?

நெல்லையிலிருந்து தென்காசி வழியாக மேட்டுப்பாளையம் போகும் ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? தென்காசியில் என்ஜின் கழன்று, மறுமுனைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். வண்டி வந்த திசையிலேயே திரும்பப் புறப்படும். ஏன்?

வண்டி வந்த நெல்லைப் பாதையும் அடுத்துப் போகவேண்டிய ராஜபாளையம் பாதையும் கவட்டைபோலத் தென்காசியின் ஒரே பக்கத்தில் வந்து சேர்கின்றன. ஒரு கிளையில் வந்த எறும்பு அடுத்த கிளைக்குப் போக, திரும்பித்தானே ஆகவேண்டும்?

சரி, அத்தனை பெட்டிகளைத் தாண்டி என்ஜின் எப்படி மறுமுனைக்குப் போகிறது?

தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சி வயல்களில் மடை மாற்றுவதைப் பாருங்கள். ஒரு வாய்க்காலை மண்ணால் அடைத்தால், தண்ணீர் அடுத்ததில் பாயும். ரயில் பாதையில் அந்த மடைதான் 'பாயின்ட்'. அதில் கத்திபோல் நுனி சீவிய இரண்டு தண்டவாள நாக்குகள் சேர்ந்தே நகரும். ஒன்று ஓரத் தண்டவாளத்தோடு ஒட்டினால், மற்றது விலகி நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் ஒரு விளிம்பு துருத்தியிருக்கும். ஒட்டிய நாக்கு அந்த விளிம்பை மெல்ல ஒதுக்க, சக்கரம் பக்கத்துப் பாதையில் இறங்கும். ஓட்டுநர் திருப்புவதே இல்லை!

கழன்ற என்ஜின் முதலில் பாயின்ட்டைத் தாண்டி முன்னே போய் நிற்கும். நாக்குகள் நகர்ந்ததும் பின்னோக்கி வந்து, பக்கத்துப் பாதையில் ஓடி, மறுமுனைப் பாயின்ட் வழியாகச் சேரும்.

வீட்டில் பிள்ளைகளோடு மாதிரி யார்டு அமைக்கிறீர்களா? பலரும் மறப்பது, என்ஜின் முன்னே போய் நிற்கும் அந்த இடத்தைத்தான். 'வாப்-7' என்ஜினின் நீளம் சுமார் 20.5 மீட்டர், 87-இல் ஒரு பங்கு மாதிரியில் ஏறக்குறைய 24 செ.மீ. பாயின்ட்டுக்கு அப்பால் அதைவிடச் சற்று அதிகமாகவே தண்டவாளம் விடுங்கள்.