நீலகிரியின் சொந்த லில்லி!
வீட்டில் வளர்ப்பது எப்படி? மலையில் விட்டு வைப்பது ஏன்?

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன பூவைப் பார்க்கிறார்கள்?

ரோஜாவைப் பார்க்கிறார்கள். மே மாதம் மலர்க்காட்சிக்குப் போனால் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் அடுக்கி வைத்த பூக்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் லில்லியும் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கண்ணைப் பறிக்கும்.

அந்த லில்லிகள் எல்லாம் வெளிநாட்டுக் கிழங்கில் இருந்து வந்தவை.

ஆனால், நீலகிரிக்கென்று சொந்தமாக ஒரு லில்லி இருக்கிறது! அது பூங்காவில் பிறந்தது அல்ல. மலை உச்சிப் புல்வெளியில் பிறந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு சாண் நீளப் பூ

அதன் பெயர் நீலகிரி லில்லி. 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், புல்லுக்கும் புதருக்கும் நடுவே வளரும். செடி இரண்டு அடி முதல் நான்கு அடி வரை இருக்கும். மழைக்காலத்தில் பூக்கும்.

பூ எப்படி இருக்கும் தெரியுமா? நாதசுரத்தின் அணசு போல வாய் விரிந்திருக்கும். பால் வெள்ளை நிறம். நீளம் ஏறக்குறைய ஒரு சாண்! நல்ல மணமும் உண்டு.

இந்தச் செடியிடம் ஒரு வேடிக்கையான குணம் இருக்கிறது. கிழங்கு ஓர் இடத்தில் இருக்கும். தண்டு நேரே மேலே வராது. மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் ஊர்ந்து போய், வேறு இடத்தில் தலை நீட்டும். செடிக்கு நேர் கீழே தோண்டினால் கிழங்கு அகப்படாது!

இந்த லில்லியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் வைட். இவர் ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர். கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்தவர். கோவையில் பல ஆண்டுகள் இருந்து பருத்திப் பண்ணைகளைக் கவனித்தார். ஓய்வு நேரத்தில் மலை மலையாகச் செடிகளைத் தேடினார். 1853-ம் ஆண்டு வெளியான படப் புத்தகத்தில் இந்த லில்லிக்கு நீலகிரியின் பெயரையே வைத்தார்.

வைட் தேடிய செடிகளைப் படமாக வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். ரங்கையா, கோவிந்து என்பது அவர்கள் பெயர். கோவிந்துவின் திறமையைப் பாராட்டி, ஓர் ஆர்க்கிட் செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார் வைட்!

தெற்கு எல்லைக் காவலன்

உலகத்தில் சுமார் 100 வகை லில்லிகள் உண்டு. எல்லாமே பூமியின் வடபாதியில் பிறந்தவை. சீனா, ஜப்பான், இமயமலை, ஐரோப்பா, அமெரிக்கா என்று குளிர்ந்த நாடுகளே அவற்றின் வீடு. சீனாவில் சில வகைக் கிழங்குகளைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள்.

வெப்பம் மிகுந்த தென்னாட்டில் லில்லிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இங்கே மலை உயரமாக இருக்கிறது. குளிர் இருக்கிறது. அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டு, நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்த ஒரு லில்லி வாழ்கிறது. இதற்குத் தெற்கே இயற்கையாக வளரும் வேறு லில்லி இனம் உலகத்திலேயே கிடையாது!

லில்லி அல்லாத லில்லிகள்

லில்லி என்று பெயர் வைத்த பூ எல்லாம் லில்லி ஆகிவிடாது.

குளத்தில் பூக்கும் அல்லியை ஆங்கிலத்தில் தண்ணீர் லில்லி என்பார்கள். அது வேறு இனம்.

குன்னூரிலும் ஊட்டியிலும் ஓடை ஓரங்களில் வெள்ளைப் புனல் போல ஒரு பூ நிற்கும். கல்லா லில்லி என்பார்கள். அதுவும் லில்லி அல்ல. சேம்பு குடும்பம். தென் ஆப்பிரிக்காவில் இருந்து தோட்டத்துக்கு வந்து, வேலி தாண்டி ஓடியது. நாம் பூ என்று நினைக்கும் வெள்ளைச் சுருள் உண்மையில் ஓர் இலை. நடுவில் மஞ்சள் விரல் போல நிற்கிறதே, அதில்தான் உண்மையான பூக்கள் இருக்கின்றன.

நம் செங்காந்தளுக்கும் லில்லிக்கும் தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. ஆறு இதழ், ஆறு மகரந்தக் காம்பு. ஆனாலும் இதன் குடும்பம் வேறு. கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்று பெயர். குறிஞ்சிப் பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் முதல் இடம் செங்காந்தளுக்குத்தான்! இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர்.

கிழங்கு நடும் முறை

லில்லி வளர்க்கப் பெரிய தோட்டம் வேண்டும் என்பது இல்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசல் போதும். பழைய எண்ணெய் டின் போதும். டின்னின் அடியில் ஓட்டை போட மறக்கக்கூடாது.

உறைபனி விலகும் பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் நடலாம். கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூண்டுப் பற்களை அடுக்கியது போல இருக்கும். வெங்காயத்துக்கு இருப்பது போல மேல் தோல் கிடையாது. அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாங்கிய கிழங்கை நாள் கடத்தாமல் நட்டுவிட வேண்டும்.

கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் தோண்டுங்கள். அடியில் ஒரு பிடி மணல் போடுங்கள். அதன் மேல் கிழங்கை வைத்து மண்ணால் மூடுங்கள். நன்றாக மக்கிய எருவைத்தான் போட வேண்டும். பச்சைச் சாணம் கிழங்கை அழுக வைக்கும்.

ஆழமாக நடுவது ஏன்? பெரும்பாலான லில்லிகளுக்குக் கிழங்கின் அடியில் மட்டும் அல்ல, மேலே தண்டிலும் வேர் விடும். அந்த வேருக்கு மண் வேண்டும்.

லில்லியின் விருப்பத்தை ஒரே வரியில் சொல்லலாம். தலைக்கு வெயில், காலுக்கு நிழல்! செடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் பரப்பினால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். மண் ஈரமாக இருக்கலாம். தண்ணீர் தேங்கக்கூடாது. மலையில் லில்லியைக் கொல்வது வெயில் அல்ல, மழைத் தண்ணீர்தான். மேட்டுப் பாத்தியில் நட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆசியாட்டிக் என்ற கலப்பு வகை இரண்டரை, மூன்று மாதத்தில் பூக்கும். மணம் இருக்காது, நிறம் உண்டு. ஓரியண்டல் வகைக்கு இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். ஒரு பூ வீடு முழுவதும் மணக்கும்!

பூத்த பிறகு என்ன?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பூ வாடியதும் செடியை அடியோடு வெட்டி எறிகிறார்கள். அது கூடாது.

இலைதான் கிழங்குக்குச் சமையல்கட்டு. அடுத்த ஆண்டுக்கான உணவை இலைதான் சமைத்துக் கீழே அனுப்புகிறது. வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள். இலை தானாகப் பழுக்கும் வரை காத்திருங்கள். ஜாடியில் வைக்கப் பூ வெட்டும்போதும் தண்டில் மூன்றில் ஒரு பங்கையாவது செடியில் விட்டுவிட வேண்டும்.

பிறகு கிழங்கு தூங்கும். அதற்குக் குளிர் வேண்டும். ஊட்டியின் பனிக்காலம் அதைக் கொடுக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் அது கிடைக்காது. முதல் ஆண்டு பூத்தாலும் போகப் போகக் கிழங்கு இளைத்துவிடும்.

சமவெளியில் இருப்பவர்கள் வருந்த வேண்டாம். மழை லில்லி இருக்கிறதே! மழை பெய்த சில நாளில் தரையோடு தரையாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துச் சிரிக்கும். இதுவும் உண்மையான லில்லி அல்ல. ஆனால் வெயிலுக்கு அஞ்சாது.

ஒன்று பலவாகும்

ஒரு கிழங்கு வாங்கினால் பல கிழங்கு ஆக்கலாம்.

கிழங்கின் வெளிப்பக்கத்துப் பற்கள் நாலைந்தை மெதுவாக ஒடித்து எடுங்கள். ஈர மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் ஒவ்வொரு பல்லின் அடியிலும் பட்டாணி போலக் குட்டிக் கிழங்கு தோன்றும். அதை நட்டால் இரண்டு, மூன்று ஆண்டில் பூக்கும்.

புலி லில்லி என்று ஒரு வகை உண்டு. ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளி போட்டிருக்கும். அதன் இலைக் கக்கத்தில் மிளகு போலக் கறுப்பு மணிகள் உண்டாகும். அந்த மணியை மண்ணில் போட்டாலே செடி முளைக்கும்!

ஜாக்கிரதை!

லில்லிப் பூவின் மகரந்தம் துணியில் பட்டால் கறை போகாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கக்கூடாது. ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பூனை வளர்ப்பவர்கள் லில்லியை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. இலை, பூ, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

கல்லா லில்லியின் சாறு வாயில் பட்டால் நாக்கு எரியும், வீங்கும். செங்காந்தள் கிழங்கு அதைவிடக் கொடியது. தின்றால் உயிரே போகும். அதே செடியின் விதையில் இருந்துதான் மூட்டு நோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். அதற்காகத் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் பயிரிடுகிறார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

தோண்டாதீர்கள்!

இவ்வளவு படித்த பிறகு, நீலகிரி லில்லியைக் கொண்டு வந்து வாசலில் நடலாமே என்று ஆசை வரும். அந்த ஆசைதான் ஆபத்து!

ஊட்டிப் புல்வெளிகள் முன்போல இல்லை. தேயிலை வந்தது. யூகலிப்டஸ் வந்தது. சீகை மரம் வந்தது. புல்வெளி சுருங்கியது. புல்வெளி சுருங்கினால் லில்லிக்கு ஏது இடம்? மிஞ்சியிருக்கும் செடியின் கிழங்கையும் தோண்டினால், அந்த இடத்தில் அது இனி வராது. பூவைப் பறித்தாலும் விதை போச்சு. காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

அதன் விதை காகிதத் துண்டு போல மெல்லியது. காய் வெடித்ததும் காற்றில் பறக்கும். அப்படிப் பறந்து விழுந்த விதை செடியாகிப் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பறிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்!

ஆகவே, வீட்டுக்குக் கடைக் கிழங்கு, மலைக்கு மலை லில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால், சாலை ஓரத்துப் புல்மேட்டைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மூடுபனிக்கு நடுவே வெள்ளையாக ஒரு பூ தலை அசைத்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மணத்தை முகர்ந்து பார்க்கட்டும்.

பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.